படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி

2020 மார்ச்சில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒவ்வொரு சளி மாதிரியோடும் ஒரு படிவம் வரும். பெயர், வயது, காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது, கடந்த 14 நாளில் வெளிநாடு போய் வந்தாரா, நோய் உறுதியான யாருடனாவது பழகினாரா. அவ்வளவுதான். அந்தப் படிவங்களை நூற்றுக்கணக்கில் பிரித்துப் பார்த்தவள் நான். அதில் இருந்திருக்க வேண்டிய ஒரு கேள்வியைப் பற்றி இத்தனை வருடம் கழித்தாவது எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஆர்டி-பிசிஆர் பிரிவில் டெக்னீஷியன். மாதிரியில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று கருவியில் தேடுகிற சோதனை அது. கொரோனாவுக்கு முன்பு ஹெபடைட்டிஸ் பி, எச்ஐவி வைரஸ்களின் அளவைப் பார்ப்பதுதான் என் வேலை. அதே கருவியில் புது வைரஸைத் தேடச் சொன்னார்கள். ஆள் போதாது. அதனால் பகலெல்லாம் மாதிரிகளோடு இருந்துவிட்டு, சாயங்காலம் ரிசல்ட் கேட்டு வருகிற அழைப்புகளையும் நாங்களே எடுத்தோம்.

முதல் வாரத்தில் வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் ரிசல்ட் பற்றியவையே அல்ல. "எனக்கு ஏன் டெஸ்ட் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்?" என்பதுதான் கேள்வி. ஒருவருக்கு நாலு நாளாகக் காய்ச்சல், வாசனை தெரியவில்லை, வீட்டில் வயதான மாமியார். வெளிநாடு போகவில்லை, அதனால் எடுக்கவில்லை. இன்னொருவர் மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்பவர். எந்த நோயாளிக்கு என்ன நோய் என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. "உறுதியானவரோடு பழகினீர்களா" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? நாங்கள் விதியைப் படித்துக் காட்டுவோம். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் "சரிங்க" என்று வைத்துவிடுவார்கள். கத்தியவர்களை எனக்கு மறந்துவிட்டது, இந்த "சரிங்க" மட்டும் மறக்கவில்லை.

அந்த விதி எங்கள் ஊரில் மட்டும் இருந்ததில்லை. இத்தாலியில் கொதோன்யோ என்ற சின்ன ஊரின் மருத்துவமனையில், 2020 பிப்ரவரி 20 அன்று 38 வயதுக்காரர் ஒருவர் நிமோனியாவோடு படுத்திருந்தார். நல்ல திடகாத்திரமான மனிதர். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. அவர் சீனாவுக்குப் போனதில்லை, ஆகவே விதிப்படி கொரோனா சோதனைக்குத் தகுதி இல்லை. மயக்கவியல் மருத்துவர் அன்னலிசா மலாரா, என்ன வந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று சொல்லி மாதிரியை அனுப்பினார். அன்றிரவு பாசிட்டிவ் என்று வந்தது. மறுநாளே அந்தப் பகுதியில் பத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நோய் தெரிந்தது. அதே மாதம் கலிபோர்னியாவிலும் இதே கதை. எங்கிருந்து தொற்றியது என்று தெரியாத முதல் நோயாளிக்கு, பயண வரலாறு இல்லை என்ற காரணத்தால் சோதனை சில நாள் தள்ளிப்போனது. பயணம் போனவர்களை மட்டும் சோதித்தால், பயணம் போனவர்களிடம் மட்டும்தான் நோய் இருப்பதாகத் தெரியும். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "சமூகப் பரவல் இல்லை" என்று சொல்வதும் எளிது.

விதியைப் போட்டவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. கையில் இருந்தது குறைவு. வைரஸின் மரபணு வரிசை ஜனவரி 11 அன்று வெளியானது. பெர்லினில் வைரஸ் ஆய்வாளர் கிறிஸ்டியான் டுரோஸ்டனின் குழு உருவாக்கிய சோதனை முறையை உலக சுகாதார நிறுவனம் ஜனவரி 13 அன்றே வெளியிட்டுவிட்டது. இரண்டே நாள்! ஆனால் முறை தெரிந்தால் மட்டும் போதுமா? மூக்குக்குள் விடுகிற குச்சி வேண்டும். சாதாரணப் பஞ்சுக் குச்சி உதவாது, பஞ்சிலும் மரத்திலும் இருக்கும் பொருள்கள் பிசிஆர் வினையைக் கெடுத்துவிடும். செயற்கை இழை வைத்த பிளாஸ்டிக் குச்சிதான் சரி. அதைச் செய்வதில் பெரிய நிறுவனமான கோப்பான் இருப்பது இத்தாலியின் பிரேசியாவில், அதுவும் நோய் மிக மோசமாகத் தாக்கிய இடத்தில். மாதிரியிலிருந்து ஆர்என்ஏவை, அதாவது வைரஸின் மரபணுப் பொருளை, பிரித்தெடுக்கிற கிட்டுக்கு உலகமே ஒரே நேரத்தில் வரிசையில் நின்றது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி பிப்ரவரி தொடக்கத்தில் அனுப்பிய கிட்டில் ஒரு பகுதி சரியாக வேலை செய்யாமல் பல வாரம் வீணானது. தென்கொரியா மட்டும் 2015-இல் மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸ் நோயில் 186 பேர் பாதிக்கப்பட்டுச் சூடு கண்டிருந்ததால், பிப்ரவரி 4 அன்றே தனியார் கிட்டுக்கு அவசர அனுமதி கொடுத்துவிட்டது. "சோதியுங்கள், சோதியுங்கள், சோதியுங்கள்" என்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் சொன்னது மார்ச் 16 அன்று. அன்றைக்கு எங்கள் பிரீசரில் மூன்று நாளைக்கான கிட் இருந்தது.

ரிசல்ட்டுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று எல்லோரும் கேட்பார்கள். பாதுகாப்புப் பெட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொரு குப்பியாகத் திறக்க வேண்டும். ஒன்றைத் திறந்து மூடிய பிறகுதான் அடுத்தது, ஒன்றின் துளி இன்னொன்றில் விழுந்தால் இரண்டு குடும்பத்தின் தலையெழுத்து மாறிவிடும். ஆர்என்ஏ பிரிக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம். கலவை போட்டு, 96 குழி உள்ள தட்டில் நிரப்பிக் கருவியில் வைத்தால் இன்னும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆரம்பத்தில் நாங்கள் செய்த முறையில் முதலில் ஒரு மரபணுவைத் தேடுவோம். அது தென்பட்டால்தான் உறுதிப்படுத்த இரண்டாவது மரபணு, அதற்கு மறுபடி ஒரு ஓட்டம். அதாவது நோய் இருக்க அதிக வாய்ப்பு உள்ளவர்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் காத்திருந்தார். இதை வெளியில் யாரும் அப்போது யோசித்ததாகத் தெரியவில்லை.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

ஏப்ரல் முதல் வாரம். சாயங்காலம் ஒரு பையன் பேசினான், குரலை வைத்துப் பார்த்தால் இருபது வயது இருக்கும். "அக்கா, அப்பா ரிசல்ட் வந்துருச்சா?" முந்தின நாள் எடுத்த சளி மாதிரி அது. படிவத்தில் பயணம் இல்லை, தொடர்பு இல்லை, மூச்சுத்திணறல் என்று மட்டும் இருந்தது. இன்னும் தட்டில் ஏறவில்லை என்றேன். அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்பாவுக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ்க்கா. நெகட்டிவ்னு பேப்பர் இல்லாம உள்ள விட மாட்டேங்கறாங்க. ரெண்டு தடவை போச்சு" என்றான்.

எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே கை சில்லிட்டது. டயாலிசிஸ் தவறினால் உடம்பில் நீர் தேங்கும். நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறும். முதல் தடவை மூச்சு வாங்கியதால் அவர் "சந்தேக நோயாளி" ஆனார். சந்தேக நோயாளி என்பதால் டயாலிசிஸ் நிறுத்தப்பட்டது. நிறுத்தியதால் மூச்சு இன்னும் வாங்கியது, அதனால் சந்தேகமும் கூடியது. அந்த மையத்தையும் என்னால் முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை. அங்கே ஒரே அறையில் பத்துப் பேர் நாலு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருப்பார்கள், எல்லோருமே எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள். ஆனால் தனியாக ஒரு இயந்திரம், கடைசி ஷிஃப்ட், முழுக் கவசம் போட்ட ஒரு ஆள் என்று ஏற்பாடு செய்திருக்க முடியும். அப்படிச் செய்த இடங்களும் இருந்தன. சோதனை முடிவு சிகிச்சைக்கு உதவ வேண்டியது. அதை வாசல் கதவாக்கிவிட்டால், ஆய்வகத்தில் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் வெளியே நிற்பவரின் உயிரிலிருந்துதான் கழியும்.

அன்றிரவு ஓட்டத்தில் அவர் குப்பியைச் சேர்த்தோம். ஒவ்வொரு மாதிரியிலும் வைரஸோடு மனித மரபணு ஒன்றையும் தேடுவோம், குச்சியில் செல்கள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று தெரிய. அது இருந்தால் திரையில் ஒரு வளைகோடு மேலே எழும்பும். அவருடைய குழியில் அந்த வளைகோடு எழும்பவே இல்லை. கருவியின் நாற்பது சுற்றும் முடியும்வரை தட்டையாகத் தரையிலேயே கிடந்தது. பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. குச்சி மூக்கின் உள்ளே போதிய தூரம் போகவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். இதை அந்தப் பையனிடம் சொன்ன அழைப்பு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. "அப்ப நாளைக்கும் இல்லையாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

எங்கள் பொறுப்பாளர் இரவு பதினொன்றரைக்கு அந்த மருத்துவமனையின் பணி மருத்துவரைக் கூப்பிட்டார். வார்டிலேயே மறுபடி மாதிரி எடுத்து, காலை ஆறு மணிக்குக் குளிர்பெட்டியில் வந்தது. ஒரு தட்டு நிறைகிறவரை காத்திருப்பதுதான் வழக்கம், கிட் வீணாகக் கூடாது. அன்று ஏழே மாதிரிகளோடு கருவியை ஓட்டினோம். அதற்கு விளக்கம் எழுதித் தரவேண்டியிருந்தது, தந்தோம். மதியத்துக்குள் நெகட்டிவ். அன்று மாலை அவருக்கு டயாலிசிஸ் நடந்தது என்று பையன் செய்தி அனுப்பினான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் நாங்களாக ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். மாதிரி அனுப்பும் எல்லா இடங்களுக்கும் பேசி, படிவத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு வரி எழுதச் சொன்னோம்: இந்த முடிவுக்காக எந்தச் சிகிச்சை காத்திருக்கிறது? "பிரசவ வலி", "டயாலிசிஸ்", "இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன்", "கீமோ இரண்டாம் தவணை". நோய்த்தொற்றுக்குச் சம்பந்தமே இல்லாத வியாதிகள் எத்தனை பேரை எங்கள் வாசலில் நிறுத்தி வைத்திருந்தன என்று அந்தக் கையெழுத்துகளைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்தக் குப்பிகளுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, எந்தத் தட்டிலும் முதல் வரிசைக் குழிகளை அவற்றுக்கே ஒதுக்கினோம்.

சில மாதம் கழித்துத் திருத்திய படிவம் வந்தது. பயண விவரத்துக்கு முன்பைவிடப் பெரிய இடம் விட்டிருந்தார்கள். நாடு, விமான எண், இருக்கை எண் என்று தனித்தனிக் கட்டங்கள். நாங்கள் தேடிய கட்டம் அதில் இல்லை. பழையபடி ஓரத்தில்தான் எழுதச் சொன்னோம். புதுப் படிவத்தில் அந்த ஓரமும் குறுகிப் போயிருந்ததால், பலர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதி அனுப்பினார்கள். அன்றிலிருந்து எந்தப் படிவம் வந்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தோம்.