ஓவர்டைம் இல்லை

2025 தீபாவளிக்கு முன்பு ஒரு நாள். எதிர்வீட்டு அக்கா ஐந்தரைக்கே வந்துவிட்டார். பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை. "ஓவர்டைம் இல்லப்பா. அமெரிக்கா ஆர்டர் நின்னுபோச்சு."

சேலையில் ஒட்டியிருந்த நீல நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா போகும் நம் துணிக்குக் கூடுதலாக 50 சதவீத வரி போட்டிருந்தார்கள். அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. அது அக்காவின் மிஷின்மேல் வந்து விழுவதைத்தான் தாங்க முடியவில்லை.

வரி கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர்தான். அவர் விலையைக் குறைக்கச் சொல்வார், இல்லையென்றால் வங்கதேசம் போவார், அந்த நாட்டுத் துணிக்கு அப்போது 20 சதவீதம்தான். ஆனால் அமெரிக்க அரசியல் மேடையில் 'வெளிநாட்டுக்காரன் கட்டுவான்' என்றால் கைதட்டல் கிடைக்கிறது. 1930லும் அமெரிக்காவில் இப்படித்தான் இறக்குமதி வரியை ஏற்றினார்கள். மற்ற நாடுகளும் பதிலுக்கு ஏற்றி, உலக வணிகமே சுருங்கியது.

தீபாவளிக்குத் திருப்பத்தூர் போக அக்கா இன்னும் டிக்கெட் போடவில்லையாம்.