உச்சிப்புளியில் ஸ்ட்ராபெரி

"இந்த உப்புக்காத்துல ஸ்ட்ராபெரியா?" என்று கேட்காதவர்கள் ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கும் எங்கள் உச்சிப்புளித் தெருவில் இல்லை. கேட்கிறவர்கள் வெயிலைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். வெயிலுக்கு மார்கழி, தை என்று ஒரு வழி இருக்கிறது. எனக்குப் பெரிய கவலை தண்ணீர்தான்.

உப்பைத் தாங்காத பயிர்களில் ஸ்ட்ராபெரி முன்வரிசை. மண்ணில் உப்பின் அளவு, அதாவது ஈ.சி., 1-ஐத் தாண்டினாலே காய்ப்பு குறையத் தொடங்கும். நம் பருத்தி 7 வரைக்கும் அசராது. எங்கள் போர் தண்ணீரோ, கரைந்த உப்பை வேறு அளவுகோலில் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 2,000-க்கு மேல் காட்டுகிறது. அதை ஊற்றினால் முதலில் இலையின் ஓரம் பழுப்பாகும், பிறகு கருகல் நரம்புகளுக்கு நடுவே உள்ளே இறங்கும். செடி வைத்த பையின் மேல்மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும்.

அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையை மொட்டை மாடியிலிருந்து குழாய் போட்டு சின்டெக்ஸில் பிடித்து வைக்கிறேன். முதல் மழையை வெளியே விட்டுவிடுவேன். மாடித் தூசியோடு கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பும் அதில்தான் கரைந்து வரும். சேர்ந்த தண்ணீரில் ஒரு குவளைகூட வேறு செடிக்குக் கிடையாது. தென்னை நார்க்கழிவையும் அப்படியே பையில் போடுவதில்லை, அதிலும் உப்பு இருக்கும். அலசிப் பிழிந்து, பிழிந்த தண்ணீரை மீட்டரில் பார்த்த பிறகுதான் மண்புழு உரத்தோடு கலப்பேன்.

நாற்று கொடைக்கானலிலிருந்து வருகிறது. குளிரும் குறுகிய பகலும் கண்டால்தான் மொட்டு பிடிக்கிற ரகங்கள் இவை. மலையில் குளிர் கண்ட நாற்று, குருத்துக்குள் மொட்டோடு இறங்கி வருகிறது. நடும்போது குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்தால் அழுகிவிடும். வாடைக்காற்றுக்குக் கிழக்கிலும் வடக்கிலும் கீற்றுத் தட்டி. அணிலுக்கும் மைனாவுக்கும் பழைய மீன்வலை. அதற்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை.

பூத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழம். காம்புப் பக்கம் வெள்ளை மறைந்து முழுக்கச் சிவக்கிற வரைக்கும் நான் கை வைப்பதில்லை. மாம்பழத்தைப் போல பறித்து வைத்துப் பழுக்க வைக்க முடியாது, பறித்த அன்றைக்கு இருக்கிற இனிப்புதான் கடைசி. விடிந்ததும், வெயில் படுவதற்கு முன், பச்சைத் தொப்பியோடு காம்பை நகத்தால் கிள்ளி எடுப்பேன். மலைப் பழத்தைவிட இது சிறிதுதான். ஆனால் செடியிலேயே முழுசாகப் பழுத்ததால் பையைத் தாண்டி நடந்தாலே மணம் வரும்.

விற்பனை வீட்டு வாசலில், ராமேஸ்வரம் ரோட்டிலேயே. பிளாஸ்டிக் டப்பாவில் பழம் வியர்த்துக் குழைகிறது என்று அத்தை பனையோலையில் சின்னக் கொட்டான் முடைந்து தருகிறார். தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தம் போகிற வண்டிகள் நிற்கும்போது பத்து மணிக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். "ஊட்டிப் பழமாக்கா?" என்று கேட்பவர்களைக் கொல்லைக்கே கூட்டிப்போய்க் காட்டுவேன். குழந்தைகள் வலைக்குள் கையை விட்டுத் தாங்களே ஒன்று பறிப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மாசி பாதியில் வெயில் ஏறியதும் பூ நின்றுவிடும், அந்தப் பைகளில் கீரை போடுவேன்.

நாற்று எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, மழைத்தண்ணீர் பிடிக்கத் தொட்டி இருக்கிறதா என்றுதான். இல்லையென்றால் இந்த ஐப்பசிக்குள் அதை வைத்துவிடுங்கள், அப்புறம் நாற்றைப் பார்க்கலாம்.