பழைய ரெஸ்க்யூ கோப்பு செய்த வேலை

ஓர் இரவு முழுக்க ஓட வேண்டிய வேலை ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. பல கணினிகளுக்கு வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் எச்டிகாண்டர் மென்பொருளில், வேலைகளை வரிசைப்படி ஓட்டும் டாக்மேன் வழியாக அனுப்பிய, 600 நோடுகள் (சிறு சிறு வேலைகள்) கொண்ட வேலை அது. சந்தோஷப்பட்டுவிட்டு முடிவுகளைத் திறந்தால், எல்லாம் போன வாரத்து எண்கள்.

போன வாரம் கடைசி நோடு மட்டும் தோற்றிருந்தது. அப்படித் தோற்றால், முடிந்த நோடுகளைக் குறித்து வைத்து, டாக் கோப்பின் (எந்த நோடு எதற்குப் பிறகு ஓட வேண்டும் என்ற பட்டியல்) பெயரோடு ரெஸ்க்யூ001 என்று ஒரு கோப்பை டாக்மேன் எழுதும். அதே டாக்கை மறுபடி அனுப்பினால், இருப்பதில் பெரிய எண் கொண்ட ரெஸ்க்யூவைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். அருமையான வசதிதான். ஆனால் வேலை வெற்றியாக முடிந்த பிறகும் அந்தக் கோப்பு அங்கேயே கிடக்கும். புதிய தரவோடு அனுப்பியபோது 599 நோடுகளை அது ஓட்டாமலே தாண்டிவிட்டது.

அனுப்பும் கட்டளையோடு மைனஸ் எஃப் (-f) கொடுத்து அனுப்பலாம். பழைய ரெஸ்க்யூக்களின் பெயரில் ஓல்டு என்று சேர்த்து ஒதுக்கிவிடும். ஆனால் அது கைப்பழக்கமாகிவிட்டால், நிஜமாகவே தேவைப்படும் நாளிலும் முதலிலிருந்து ஓடும். அதனால் இரண்டு நாள் பழைய ரெஸ்க்யூக்களை அழிக்க, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் போட்டேன். வெள்ளிக்கிழமை தோற்ற வேலையின் ரெஸ்க்யூ திங்கட்கிழமை காணவில்லை. என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்!

அப்புறம்தான் ஃபைனல் நோடு பக்கம் போனேன். மற்ற நோடுகள் ஜெயித்தாலும் தோற்றாலும் கடைசியில் இது ஓடும். இதை நோஆப், அதாவது தனக்கென வேலை இல்லாதது, என்று குறித்து, நோடு முடிந்ததும் ஓடும் ஒரு போஸ்ட் ஸ்கிரிப்டை மட்டும் மாட்டினேன். அது வேலையை அனுப்பிய கணினியிலேயே ஓடுவதால் கோப்புகள் கைக்கெட்டும். டாக்கின் நிலையை எண்ணாகச் சொல்லும் டாக் ஸ்டேட்டஸ் மேக்ரோவை ஸ்கிரிப்டுக்குக் கொடுத்து, மதிப்பு 0 (எல்லாம் சரி) என்றால் மட்டும் அந்த டாக்கின் ரெஸ்க்யூக்களை அழிக்கச் சொன்னேன்.

சில நாள் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் 40 நோடுகள் தோற்றும், மொத்த வேலையும் வெற்றி என்று வந்தது. புதிய ரெஸ்க்யூவும் இல்லை. ஃபைனல் நோடின் முடிவுதான் மொத்த டாக்கின் முடிவு. கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது, நான்தான் பாதியில் மூடிவிட்டேன். என் ஸ்கிரிப்ட் எப்போதும் 0, அதாவது வெற்றி, என்று வெளியேறிக்கொண்டிருந்தது. ஸ்டேட்டஸ் 0 இல்லையென்றால் எதையும் தொடாமல் 1, அதாவது தோல்வி, என்று வெளியேறும்படி மாற்றினேன்.

சரி என்று ஒரு நோடை வேண்டுமென்றே தோற்கடித்துப் பார்த்தேன். ரெஸ்க்யூ001 வந்தது. திருத்தி மறுபடி அனுப்பினேன். விட்ட இடத்திலிருந்து ஓடி முடிந்ததும் கோப்பு போய்விட்டது. நடந்ததையெல்லாம் பதிந்து டாக்மேன் எழுதும் அவுட் கோப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அந்த 40 நோடுகள் ஏன் தோற்றன என்பதை அதிலிருந்துதான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.