விரல் நுனியில் 95

2021 மே மாதம். கிருஷ்ணகிரியில் ஒரு கொரோனா வார்டில் எனக்கு நைட் டூட்டி. கவச உடைக்குள் வேர்த்து ஊற்றியது, தண்ணீர் குடிக்காமல் கிடந்தது எல்லாம் எல்லா நர்சுகளும் சொல்லிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் முப்பது வருஷம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்திருந்தார். நல்ல கறுப்பு, விரலெல்லாம் காய்ப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரை மாட்டினால் 95. அந்த வாரம் 94-க்கு மேலே காட்டினால் நாங்கள் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவோம், வராந்தாவில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது வேறென்ன செய்வது. ஆனால் இவரால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. "ஒண்ணுமில்ல... கண்ணு... நல்லாத்தான் இருக்கேன்" என்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், நிமிஷத்துக்கு 34. வேறு விரல், வேறு கருவி, மறுபடியும் 95. டாக்டரிடம் கெஞ்சி, மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஆக்சிஜன் 86.

கருவி மட்டம் என்று திட்டிவிட்டு விட்டுவிட்டேன். லண்டனில் நர்சாக இருக்கும் என் சித்தி மகள்தான் போனில், "அக்கா, அது கருவி கெட்டதில்ல, கருவியே அப்படித்தான்" என்றாள். விரல் வழியாகப் போகும் சிவப்பு ஒளியைத் தோலின் நிறமியும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். வெளுத்த தோல்காரர்களை வைத்தே பெரும்பாலும் அளவு சரிபார்த்த கருவி, கறுத்த விரலில் இல்லாத ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டிவிடும். 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம்.

கருவியில் மட்டுமில்லை, சாவிலும் இந்த வித்தியாசம் தெரிந்தது. பிரிட்டனில் கொரோனாவில் இறந்ததாக முதலில் பெயர் வெளியான பத்து டாக்டர்களும் ஆசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினர். சிகாகோவில் மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதம் இருந்த கறுப்பினத்தவர், 2020 ஏப்ரல் தொடக்கத்தில் சாவில் சுமார் 70 சதவீதம். உடனே சிலர் மரபணுவைத் தோண்டப் போனார்கள். எனக்கு அது எரிச்சல்தான். பஸ் ஓட்டுகிறவனும் ஆஸ்பத்திரி கூட்டுகிறவளும் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது, சின்ன வீட்டில் ஏழெட்டுப் பேர், சர்க்கரையும் பிபியும் கவனிக்காமல் விட்டது, இன்சூரன்ஸ் இல்லாததால் ஆஸ்பத்திரிக்குப் போகவே தயக்கம். இதற்கு ரத்தத்தில் என்ன தேடுவது?

எங்கள் பெரியவரிடமும் இதே கதைதான். கல்தூசு ஏற்கெனவே நுரையீரலைத் தின்றிருந்தது. காய்ச்சல் வந்து ஐந்து நாள் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார், போகாவிட்டால் கூலி இல்லை. மகனுக்குத் தடுப்பூசி போட அரசாங்கத்தின் கோவின் இணையதளத்தில் பதிய வேண்டியிருந்தது; அது அப்போது ஆங்கிலத்தில் மட்டும், வீட்டில் இருந்ததோ பட்டன் போன்.

அவர் பதினோரு நாளில் பிழைத்துப் போனார். அதற்கப்புறம் நான் ஆக்சிமீட்டரை மாட்டுவதற்கு முன்பே மூச்சை எண்ணிவிடுவேன். அவருக்கு முந்தின வாரம் 95, 96 என்று பார்த்துவிட்டு "வீட்லயே இருந்து மாத்திரை சாப்பிடுங்கய்யா" என்று நான் அனுப்பி வைத்தவர்களை நினைத்து ஒருநாள் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். பெயர், வயசு, ஊர், ரீடிங் இருந்தது. மூச்சு எத்தனை என்று எழுத அதில் கட்டமே இல்லை.