காற்றுக் குழாய்க்கும் வாட்டம் வேண்டும்

அப்பாவின் பழைய ராஜ்தூத் பைக்கின் பெட்ரோல் டேங்குக்குக் கறுப்பு அடித்து முடிக்கிற நேரத்தில் ஸ்ப்ரே கன் ஒரு தும்மல் போட்டது. கண்ணாடி மாதிரி இருந்த பெயின்டில் நாலைந்து தண்ணீர்ச் சொட்டு. ஐப்பசி மழை விடாமல் பெய்த வாரம் அது. உப்புத்தாள் போட்டு மொத்தத்தையும் தேய்த்து எடுத்தேன்.

கோயம்புத்தூரில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் என் ஷெட் 20 அடி நீளம். ஒரு மூலையில் 2 ஹெச்.பி. கம்ப்ரஸர். அதிலேயே ஹோஸைச் செருகி அடித்ததுதான் தப்பு. காற்றை அழுத்தினால் சூடாகும். சூடாக இருக்கும்வரை அதிலுள்ள ஈரத்தில் ஒரு பங்கு ஆவியாகவே ஓடும், ஆறுகிற இடத்தில் தண்ணீராகும். எனக்கு அது ஆறிய இடம் கன்னின் வாய். சுவர் நெடுக இரும்புக் குழாய் ஓட்டினால் வழியிலேயே ஆறும், அங்கேயே வடித்துவிடலாம்.

பிளம்பர் தம்பி வந்ததும் பி.வி.சி.யைக் காட்டினார். "இது 10 கிலோ பைப்புங்ணா. உங்க கம்ப்ரஸர் 8 கிலோதானுங்களே?" கிலோ என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் விழும் அழுத்தம். பைப்பின் மேல் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. ஆனால் அது தண்ணீருக்கான கணக்கு. தண்ணீர்க் குழாய் உடைந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், நனைவதோடு சரி. அடைத்து வைத்த காற்று விரியும். பிளாஸ்டிக் சில்லு சில்லாய்ப் பறந்து ஆளைக் கிழிக்கும். தம்பிக்கு முழு நம்பிக்கை வரவில்லை. "சரிங்ணா, உங்க இஷ்டம்" என்றார்.

அரை இன்ச் ஜி.ஐ. பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, அளவு சொல்லி வெட்டி, கடையிலேயே மரை போட்டு வாங்கினேன். டீ என்கிற மூன்று வாய் இணைப்புக்குள் இரண்டு முனையும் அரை அரை இன்ச் போகும் என்பதைக் கணக்கில் விட்டதால் இரண்டு துண்டுக்காக மறுபடி கடைக்கு ஓட்டம். கம்ப்ரஸர் அதிர்வதால் அதற்கும் பைப்புக்கும் நடுவில் ரப்பர் ஹோஸ்.

வாட்டம்தான் முக்கியம். 20 அடிக்கு இரண்டரை இன்ச், கம்ப்ரஸரிலிருந்து கடைசி முனை நோக்கி இறக்கம். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் ட்யூபை இரவல் வாங்கி மட்டம் குறித்தோம். கன்னுக்கான கிளையை மெயின் குழாயின் அடியிலிருந்து எடுக்காமல், டீயை வானம் பார்க்கத் திருப்பி, மேலே ஏற்றி வளைத்து இறக்கச் சொன்னேன். தண்ணீர் அடியோடு ஓடிப்போகும், காற்று மட்டும் மேலே ஏறி வரும். "காத்துக்கு எதுக்குங்ணா இத்தனை வளைவு?" என்று சிரித்தார். கடைசி முனையில் ஓர் அடி செங்குத்தாகக் கீழே இறக்கி தண்ணீரை வடிக்க ஒரு பால் (ball) வால்வு.

ராத்திரி 8 கிலோ ஏற்றிவிட்டுத் தூங்கினேன். காலையில் 3. ஒரு ரூபாய் ஷாம்பு சாஷேயைத் தண்ணீரில் கரைத்துப் பிரஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவினேன். டெஃப்ளான் டேப் சுற்றிய மூட்டுகள் எல்லாம் நன்றாக இருந்தன. கழற்றி மாட்டும் இணைப்பான யூனியன் ஒன்றில் மட்டும் நண்டு வாய் மாதிரி நுரை. பிரித்துப் பார்த்தால் அதன் முகத்தில் ஓர் இரும்புத் துருவல். துடைத்து இறுக்கியதும் அடங்கியது.

முதல் வாரக் கடைசியில் வால்வைத் திறந்தேன். புஸ்ஸென்று கால் டம்ளர் தண்ணீர் வந்தது, எண்ணெய் கலந்து பால் டீ நிறத்தில். கன்னுக்கு முன்னால் மாட்டிய ஃபில்டர் கிண்ணத்தில் மூன்றே சொட்டு. வருகிற ஞாயிறு டேங்க்குக்குத் திரும்பக் கறுப்பு அடிக்கிறேன், மழை பெய்தாலும்.