வாட்டிகனுக்கு ஒரு சுரங்கப்பாதை

ஜெர்சி சிட்டியிலிருந்து ஹாலண்ட் சுரங்கப்பாதை வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். ஹட்சன் ஆற்றுக்கடியில், ஓடு பதித்த சுவரில் நியூ ஜெர்சி, நியூயார்க் என்று எல்லை குறித்திருக்கும். நெரிசலில் அங்கே வண்டி நின்றுவிட்டால் எனக்கு அல் ஸ்மித் நினைவுதான் வரும்.

நியூயார்க் ஆளுநராக இருந்த ஸ்மித், 1928 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர். பெரிய கட்சி ஒன்று கத்தோலிக்கரை நிறுத்தியது அதுவே முதல் முறை. முந்தைய ஆண்டு திறந்திருந்த இந்தச் சுரங்கப்பாதையின் படத்தைக் காட்டி, இது வாட்டிகன் வரை போகிறது என்று புரளி கிளப்பினார்கள். அட்லாண்டிக் பெருங்கடலைக் குடைந்துகொண்டு! ஒக்லஹோமாவில் அவருடைய ரயில் வந்த வழியில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் சிலுவைகளைக் கொளுத்தியது.

இந்தக் கூத்துகளைவிட என்னை உறுத்துவது ஒரு கடிதம். 1927 ஏப்ரலில் சார்லஸ் மார்ஷல் என்ற வழக்கறிஞர் 'அட்லாண்டிக் மந்த்லி' இதழில் எழுதியது. வசை ஒன்றுகூடக் கிடையாது. போப்பாண்டவர்களின் சுற்றுமடல்களை எடுத்துக்காட்டி, திருச்சபையும் அரசியல் சட்டமும் முரண்பட்டால் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று பண்பாகக் கேட்டிருந்தார். கொள்ளி பிடித்து வருகிறவனைப் பார்த்துச் சிரிக்கலாம், திட்டலாம். கைகட்டி நின்று சந்தேகம் கேட்பவருக்குப் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்?

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, ஃபுல்டன் மீன் சந்தையில் வேலை பார்த்து வளர்ந்தவர் ஸ்மித். அந்தச் சுற்றுமடல்களை இதுவரை கேள்விப்பட்டதே இல்லை என்று மே இதழில் பதில் எழுதினார். சிறுவயது முதல் பக்தியுள்ள கத்தோலிக்கர் சொல்கிறார்! எழுத உதவியவர்கள் பாதிரியார் டஃபியும் யூதரான நீதிபதி ப்ராஸ்கவரும். டைம்ஸ் சதுக்கத்தில் கல் சிலுவைக்கு முன்னால் சிலையாக நிற்கிறாரே, அதே டஃபி. எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் ஹூவர், போரே கூடாது என்னும் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். அது பெரிய பிரச்சினையாகவில்லை.

முடிவு, மாநிலவாரியாகக் கணக்கிடும் தேர்வாளர் வாக்குகளில் ஹூவருக்கு 444, ஸ்மித்துக்கு 87. சொந்த நியூயார்க்கே கைவிட்டது. மதம் மட்டுமே தோற்கடித்தது என்று சொல்ல மாட்டேன். பொருளாதாரம் செழித்திருந்தது, ஸ்மித் மதுவிலக்கை வேறு எதிர்த்தார். வேடிக்கை என்னவென்றால், அவருக்குக் கிடைத்த எட்டு மாநிலங்களில் ஆறு, அலபாமா, மிசிசிப்பி போன்ற தெற்கு மாநிலங்கள். போப் மீது அங்கே வெறுப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அடிமை முறையை ஒழித்த லிங்கனின் குடியரசுக் கட்சி மீதும் கறுப்பினத்தவர் மீதும் இருந்த வெறுப்பு அதற்கு மூத்தது.

ஸ்மித்தை வேட்பாளராக அறிவித்த மாநாடு நடந்தது ஹூஸ்டனில். 1960 செப்டம்பரில் அதே ஹூஸ்டனில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் முன் நின்று, கத்தோலிக்கரான கென்னடி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கேள்வி ஏறக்குறைய மார்ஷல் கேட்டதேதான். கென்னடி ஜெயித்தார், நாடு முழுவதும் ஒரு லட்சத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில்.