தைராய்டு வார்டு நாட்குறிப்பு

ஜூன் 9
இன்று முழு தைராய்டு நீக்கம், இரண்டு பக்கமும் கழலை. எனக்கு வழக்கம்போல வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் ரிட்ராக்டரைப் பிடிக்கும் வேலைதான், ஆனால் வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. தைராய்டின் பின்னால் ஒட்டியிருந்து, ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் குட்டிச் சுரப்பிதான் பாராதைராய்டு. பெரும்பாலானவர்களுக்கு நான்கு, ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லிகிராம், சுற்றியிருக்கும் கொழுப்பைவிடக் கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆபரேஷன் செய்த மேடம் கீழ்த்தைராய்டு தமனியின் அடியைத் தொடவே இல்லை. தைராய்டின் உறையை ஒட்டியே போய், கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டி வெட்டினார். நான்குக்கும் ரத்தம் பெரும்பாலும் அந்தத் தமனியிலிருந்துதான் வருகிறது, அதனால் அடியில் கட்டிவிட்டால் சுரப்பி கண்ணுக்கு அழகாகத் தெரியும், வேலை செய்யாது. இவ்வளவு பார்த்தும் வலது கீழ்ச்சுரப்பி கறுத்துவிட்டது. அதைப் பொடியாக நறுக்கிக் கழுத்துத் தசைக்குள் புதைத்தார்.

ஜூன் 10
ரத்தத்தில் கால்சியம் 8.6 மி.கி./டெ.லி., பார்க்கச் சரியான அளவுதான். வீட்டுக்கு அனுப்பிவிடலாமே என்கிறான் இரவுப் பணி நண்பன். பாராதைராய்டு ஹார்மோன் சில நிமிடங்களில் பாதியாகிவிடும், கால்சியம் இறங்கத்தான் ஓரிரண்டு நாள் எடுக்கும். காலையில் ஹார்மோன் அளவு குறைவாகத்தான் வந்தது, ஆக 8.6-ஐ நான் நம்பவில்லை. மேடமிடம் கேட்டு கால்சியம், கால்சிட்ரியால் (வேலை செய்யும் வடிவிலான வைட்டமின் டி) மாத்திரை ஆரம்பித்தாயிற்று.

ஜூன் 11
சாயங்காலம் ரவுண்ட்ஸில் அந்த அம்மா, "தம்பி, உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு" என்றார். கால்சியம் குறைந்துவிட்டதா என்று கன்னத்தைத் தட்டிப் பார்க்கும் சோதனை எனக்குப் பிடிக்காது, ஒரு குறையும் இல்லாதவர்களுக்கும் வாய் துடிக்கும். பிபி பட்டையைக் கட்டிக் காற்றேற்றிக் காத்திருந்தோம்; மணிக்கட்டு மடங்கி, விரல்கள் நீட்டியபடியே ஒன்றுசேர்ந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போனது. பயந்துவிட்டார், பட்டையை அவிழ்த்ததும் சரியானது. கால்சியம் 7.2. ஈசிஜி மானிட்டரைப் போட்டுவிட்டு 10% கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக ஏற்றினோம், அப்புறம் டிரிப். மக்னீசியமும் அனுப்பினேன், அது குறைவாக இருந்தால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் ஏறாது. நல்லவேளை, சரியாக இருந்தது.

ஜூன் 13
டிரிப் நிறுத்தியாச்சு. சார்ட்டில் தைராக்சினும் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) கால்சியமும் ஒரே நேரத்தில் எழுதியிருந்தது, கால்சியம் அதைக் குடலில் உறிஞ்ச விடாது, 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாற்றி எழுதியாயிற்று.

ஜூன் 23
ஓபி. கால்சியம் 8.8, ஹார்மோனும் ஏறியிருக்கிறது, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம். தசையில் வைத்த சுரப்பி வேலை செய்கிறதா என்று அவர் மகள் கேட்டார். அதற்குப் புது ரத்தக்குழாய் வந்து சேரச் சில வாரங்கள் ஆகும். இப்போது ஏறியிருப்பது, அசைக்காமல் இருந்த இடத்திலேயே விட்ட மற்ற மூன்றின் புண்ணியம்.